சம்பந்திக்குச் சில பயணக் குறிப்புகள்

ஜனவரி 9

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் என் மகனும் உங்கள் மகளும் நலம். நம் பேத்தி எங்கள் மூவரையும்விட நலம். நீங்களும் உங்கள் தையல் மெஷினும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டுச் சுவர்கள் அட்டைக் கனம்தான். நான் குளியலறையில் இருமினால் உங்கள் மகள் சமையலறையிலிருந்து "மாமா, மருந்து வேணுமா?" என்கிறாள். நாம் இரண்டு ஆம்பிளைகள் மனம்விட்டுப் பேச இங்கே மூலை கிடையாது. அதோடு, நான் சொல்லப்போவது பயணக் குறிப்புகள். அவை எழுத்தில் இருக்க வேண்டும். காதில் வாங்கியதை ஜனங்கள் நாலடி நடப்பதற்குள் மறந்துவிட்டு மறுபடி வந்து நிற்பார்கள். பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

மே மாதத்தோடு என் விசா முடிகிறது. அடுத்த ஆறு மாதம் உங்கள் முறை. உங்கள் சம்பந்தியம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷம் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டம்மாவோ பதினெட்டு வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை பார்க்க நம் இருவரையும் விட்டால் ஆளில்லை. இங்கே குழந்தைக் காப்பகத்தில் ஒரு வயசுக்கு மேல்தான் இடம் தருகிறார்கள். அதனால் இப்போதே தயாராகுங்கள்.

ஊருக்கெல்லாம் வழி சொன்ன எனக்கு வழி சொல்ல ஒரு ஜீவன் இல்லை, சம்பந்தி. விமானத்தில் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கி, பாத்ரூமுக்குப் போக வழியில்லாமல் தூங்குகிற இரண்டு பேரைப் பார்த்தபடி ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நடைபாதை ஓரத்துச் சீட்டாகக் கேளுங்கள். சட்டைப் பையில் ஒரு பேனா கட்டாயம். இறங்கும்போது ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள், பேனா கொடுப்பதில்லை. இறுக்கமான ஷூ போடாதீர்கள். வானத்தில் கால் வீங்கும். நான் ஒரு காலை ஷூவிலும் ஒரு காலை வெறும் சாக்ஸிலும் வைத்துக்கொண்டுதான் இந்த நாட்டு மண்ணை மிதித்தேன்.

பேத்திக்கு நான் 'நிலைய மேலாளர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் உத்தரவு இல்லாமல் இந்த வீட்டில் ஒரு வண்டியும் கிளம்பாது.

பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 2

மரியாதைக்குரிய சம்பந்திக்கு வணக்கம்.

நான் சுகம். முட்டிதான் கொஞ்சம் சண்டை போடுகிறது. அதனால் கடையைப் போன மாசமே மூடிவிட்டேன். மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து மேலே ஒரு போர்வை போட்டு வைத்திருக்கிறேன். மகளிடம் முட்டி என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அதைப் பெரிசு பண்ண வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்துப் படித்தேன். அவ்வளவு ருசி. ஆனால் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக எழுதினால் உங்கள் பேனா தேய்ந்துவிடாது.

எனக்கு ஒரு சந்தேகம். நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும் என்று மகள் சொன்னாள். அங்கே வழி எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்டால் சொல்வார்களா? ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்களா? நம் பஸ் நிலையத்தில் நீங்கள் கூப்பிடுவீர்களே, அந்த மாதிரி?

பேத்தி யார் ஜாடை? போனில் காட்டுகிறார்கள், படம் சிறிசாக இருக்கிறது. வாயால் சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? சின்ன வயசில் கடையில் என் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். பசித்தால் சொல்ல மாட்டாள், மிதிக்கிற என் காலைப் பிடித்து நிறுத்துவாள். இப்போதும் சொல்லியிருக்க மாட்டாள். பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரர்


பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

அனைவரும் சுகம். உங்கள் மகள் சாப்பிடுகிறாள். நான் தட்டோடு பின்னால் நிற்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன், பாருங்கள்.

நல்ல கேள்வி கேட்டீர்கள். அந்த நடு ஊர் நிலையம் இருக்கிறதே, நம் பஸ் நிலையத்தை அதற்குள் இருபது தடவை போடலாம். அங்கே ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் கத்தாது. எல்லாம் போர்டுதான். இறங்கியதும் மஞ்சள் போர்டுகளை அண்ணாந்து பாருங்கள். உங்கள் விமானத்தின் எண் இருக்கும், பக்கத்தில் எந்த வாசல் என்று இருக்கும். வாசலுக்குப் போய்விட்டோம் என்று நிம்மதியாகக் கண்ணை மூடாதீர்கள். கால் மணிக்கு ஒரு தரம் போர்டைப் பார்க்க வேண்டும். வாசலை மாற்றிவிடுவார்கள். எனக்கு மாற்றினார்கள். ரயிலில் ஏறி அடுத்த கட்டடத்துக்கு ஓடினேன். ஆமாம், நிலையத்துக்குள்ளேயே ரயில் ஓடுகிறது. கேட்டால் சொல்வார்கள்தான், ஆனால் கேட்கிறதற்கு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாரும் ஓடுகிறார்கள்.

குழாயில் திருகு கிடையாது. கையை அடியில் காட்டினால் தண்ணீர் வரும். நான் குழாயைத் தட்டிப் பார்த்தேன், தலையில் குட்டிப் பார்த்தேன். பின்னால் ஒரு பெரியவர் பொறுமையாக என் கையைப் பிடித்து அடியில் வைத்தார். பெட்டியின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுங்கள். ஓடுகிற பட்டையில் எல்லாப் பெட்டியும் கறுப்பாகத்தான் வரும்.

ஜாடை கேட்டீர்கள். மூக்கு உங்களுடையது, மன்னிக்கவும். காது எங்கள் வீட்டுக் காது, விறைத்து நிற்கிறது. கோபம் வந்தால் கீழ் உதட்டை மடிக்கிறாள். உங்கள் மகள் அதைப் பார்த்து "எங்கம்மா இப்படித்தான் மடிப்பாங்க மாமா" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

டிக்கெட் போடலாமா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 12

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். கடையில் வேலை அதிகம். பள்ளிச் சீருடை ஒப்புக்கொண்டேன். மே மாதம் நகர முடியாது போலிருக்கிறது. பிள்ளைக்கு வேறு ஏற்பாடு எதுவும் முடியாதா? பக்கத்து வீட்டில் யாராவது இருப்பார்களே.

மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரர்


மார்ச் 22

சம்பந்தி அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. இருந்தாலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

பிப்ரவரியில் கடையை மூடிவிட்டேன் என்று எழுதினீர்கள். மார்ச்சில் கடையில் வேலை அதிகம் என்கிறீர்கள். போர்வை போட்ட மெஷின் தானாகச் சீருடை தைக்கிறதா? பொய் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும், சம்பந்தி. உங்களுக்கு அது இல்லை.

என் ஜன்னலில் "அந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று சிலர் கேட்பார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவர்களுக்கு வேண்டியது பஸ் நேரம் இல்லை. உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறியிருக்கிறது. 'மகளிடம்' என்பதைக் காகிதத்தைத் தாண்டி மேஜையில் எழுதியிருக்கிறீர்கள், பாதி வார்த்தைதான் எனக்கு வந்தது. எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னீர்கள். படம் சிறிசு என்றீர்கள். வாய்விட்டுக் கேட்டால் வழி சொல்வார்களா, ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்களா என்றீர்கள். முட்டி வலிக்கிறவன் படிக்கட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பான்.

கண்ணா, சம்பந்தி?

சொல்ல விருப்பமில்லாவிட்டால் விடுங்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வராவிட்டால் உங்கள் மகள் வேலையை விட்டுவிடப் போகிறாள். நேற்று என் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன் அல்லவா, அட்டைச் சுவர். "அப்பாவுக்கு வர இஷ்டமில்லை போல, வற்புறுத்த வேண்டாம்" என்றாள். நீங்கள் வர விரும்பவில்லை என்று அவள் நினைக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 6

சம்பந்திக்கு வணக்கம்.

கண்தான்.

ஒரு வருஷமாகிறது. ஒருத்தர் தைக்கக் கொடுத்த பேன்ட்டில் பைக்குள் கை போகவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். பையின் வாயைச் சேர்த்துத் தைத்திருந்தேன். சிரித்துச் சமாளித்தேன். அப்புறம் ஒரு சட்டையில் காலரை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, போனது வராது, ஓரம் மிஞ்சும், முழு இருட்டு ஆகாது என்றார். எதை நேரே பார்க்கிறேனோ அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. உங்களைப் பார்த்தால் உங்களுக்கு முகம் இருக்காது. உங்கள் காதைப் பார்த்தால் கண் மூக்கு கொஞ்சம் தெரியும். கடிதத்தை லென்ஸ் வைத்து ஓரக்கண்ணால் ஓர் எழுத்தாகப் பிடித்துப் படிக்கிறேன். அதுதான் இரண்டு நாள்.

வீட்டுக்குள் எல்லாம் செய்துகொள்கிறேன். சமைக்கிறேன், துவைக்கிறேன், சவரம் பண்ணிக்கொள்கிறேன். எனக்குப் பயம் விமானமும் இல்லை, நடு ஊரும் இல்லை. மகளுக்குத் தெரிந்தால் பிள்ளையை என் கையில் கொடுக்க மாட்டாள். கொடுத்தாலும் பக்கத்திலேயே நிற்பாள். ஒன்பது வயசிலிருந்து அவளை இந்தக் கையால்தான் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பினேன். அந்தக் கையை அவள் சந்தேகத்தோடு பார்க்கிறதை நான் ஓரக்கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். அதற்கு, வர இஷ்டமில்லை என்று அவள் நினைத்தாலே பரவாயில்லை என்று இருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அதுவும் முடியவில்லை.

வரத்தான் ஆசை. அங்கே வந்து ஒரு மாசம் நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறதை அவள் பார்க்கட்டும். பிறகு நானே சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் யாருக்கும் தெரியக் கூடாது. டிக்கெட்டில் சக்கர நாற்காலி, உதவி என்று எதுவும் போடாதீர்கள். டிக்கெட் போடப்போகிறவள் அவள்தான். எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுங்கள்.

மாப்பிள்ளையின் உடம்பு, உங்கள் உடம்பு எல்லாம் சுகம்தானே?

தையல்காரர்


ஏப்ரல் 17

என் அருமைச் சம்பந்திக்கு,

பெரிய எழுத்தில், தடிமன் பேனாவில், பக்கத்துக்குப் பத்து வரியாக எழுதுகிறேன். லென்ஸைத் தூர வையுங்கள்.

சத்தியம். என் வாயிலிருந்து வராது. அப்பா வருகிறார் என்று மட்டும் உங்கள் மகளிடம் சொன்னேன்.

இனி நான் சொல்கிறபடி செய்யுங்கள். போர்டு விஷயமெல்லாம் மறந்துவிடுங்கள். நம் இருவருக்கும் நடு ஊர் ஒன்றுதான். நான் திரும்பும்போதும் அங்கேதான் மாற வேண்டும். ஒரே நாளில் இருவரும் அங்கே இருக்கிற மாதிரி நானே அட்டவணை பார்த்து விமானம் எடுத்துக் கொடுத்து, அதன்படிதான் டிக்கெட் போட வைத்தேன். "என்ன மாமா, எங்கப்பாவுக்கு நீங்க டைம் கீப்பரா?" என்றாள் உங்கள் மகள். சிரித்து வைத்தேன்.

மே 14. நீங்கள் இரவு பத்து மணிக்கு இறங்குகிறீர்கள். நான் பன்னிரண்டு நாற்பதுக்கு இறங்குகிறேன். உங்களுக்கு அடுத்த விமானம் காலை ஐந்துக்கு, எனக்கு ஆறுக்கு. விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் முதலிலேயே பேச்சுக் கொடுங்கள். இறங்கும்போது அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே வெளியே வாருங்கள். வெளியே வந்ததும் தரை விரிப்பு முடிந்து வழவழப்பான தரை வரும். அங்கே வலது கைப்பக்கம் சுவரோரம் நாற்காலி வரிசை. உட்காருங்கள். எழுந்திருக்காதீர்கள். இரண்டு மணி நாற்பது நிமிஷத்தில் நான் வந்து உங்கள் தோளில் கை வைப்பேன். உங்கள் விமானத்தின் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டுத்தான் என் விமானத்துக்குப் போவேன்.

நேரம் போட்டுப் பார்ப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தைரியமாக வாருங்கள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 30

சம்பந்திக்கு,

நலம், நலம், நலம். மூன்று தரம் எழுதியிருக்கிறேன். மூன்றும் உண்மை.

பெட்டி கட்டியாகிவிட்டது. பயிற்சியும் நடக்கிறது. ஏழு கிலோ சர்க்கரையை ஒரு துணியில் மூட்டையாகக் கட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அறைக்கு அறை நடக்கிறேன். தொட்டிலில் போடுகிற மாதிரி கட்டிலில் மெதுவாக இறக்குகிறேன். முதல் நாள் கதவு நிலையில் மூட்டையின் தலையை இடித்துவிட்டேன். அன்றைக்கெல்லாம் மனசு சரியில்லை. இப்போது இடிப்பதில்லை. ஒரு கையை முன்னால் நீட்டி, நிலையைத் தொட்டுவிட்டுத்தான் தோளைத் திருப்புகிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கு தங்கச்சி என்றேன்.

சுவரோர நாற்காலியில் இருப்பேன். நீங்கள் வரும்வரை எழ மாட்டேன்.

தையல்காரர்


மே 19

சம்பந்தி அவர்களுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் சம்பந்தியம்மாவும் நானும் நலம். நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது மகன் சொல்லித் தெரியும். நடந்ததை என் கையால் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போனில் உங்களிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுக் கதை இதுதான். எங்கள் நிலையத்தில் நாள் பிறப்பது காலை நாலு மணிக்கு, முதல் பஸ் கிளம்பும்போது. நடுநிசிக்குப் பிறகு வருகிற வண்டியை முந்தின தேதியின் கடைசி வண்டியாகத்தான் எழுதுவோம். முப்பத்தோரு வருஷம் அப்படியே எழுதிக் கை பழகிவிட்டது. அட்டவணையில் '14, பன்னிரண்டு நாற்பது' என்று பார்த்ததும், பதினாலாம் தேதி பத்து மணிக்குப் பிறகு வருகிற வண்டி என்று என் புத்தி எடுத்துக்கொண்டது. அது பதினாலாம் தேதி பிறந்து நாற்பதாவது நிமிஷம், சம்பந்தி. பதின்மூன்றாம் தேதியே என்னை ஏன் கிளப்புகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. நேர வித்தியாசமாக இருக்கும் என்று என் வாயை நானே அடைத்துக்கொண்டேன்.

இறங்கி ஓடிவந்து அந்த நாற்காலி வரிசையைப் பார்த்தேன். காலி. விசாரணைக் கவுண்டரில் கேட்டேன். உங்கள் விமானம் வர இன்னும் இருபத்தோரு மணி நேரம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். நீங்கள் அப்போது உங்கள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அடுத்தவனுக்குத் தப்பான நேரம் சொன்னதே இல்லை என்று மார்தட்டிய வாய் இது. அந்தக் கவுண்டர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காத்திருக்கிறேன், டிக்கெட்டை மாற்றுங்கள் என்றேன். மூன்று நாளைக்குச் சீட்டு இல்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கவும் அனுமதி இல்லை என்றாள். உங்களுக்கு விடிகிற நேரம்வரை பொறுத்திருந்து போன் பண்ணினேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "விடுங்க சம்பந்தி. நான் சமாளிச்சுக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு நேரே கவுண்டருக்குப் போனேன். எனக்குத் தெரிந்த நாற்பது இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கண்ணைத் தொட்டுக் காட்டினேன், கையை ஆட்டிக் காட்டினேன். நானும் உன்னை மாதிரி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவன்தான் என்றேன். அவள் உங்கள் பெயரைத் தேடி எடுத்து, பார்வைக் குறைவு, உதவி தேவை என்று பதிந்தாள். "இங்கே மட்டுமா, கடைசிவரைக்குமா?" என்று கேட்டாள். கடைசி என்றால் உங்கள் மகள் வந்து நிற்கிற வாசல் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையை ஆட்டினேன்.

சத்தியத்தை மீறினேன். உங்களை அந்த நாற்காலியில் தனியாக உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வர என் கால் நகரவில்லை. மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 14

சம்பந்தி அவர்களுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்?

போன் பண்ணினால் உங்கள் மகள் உங்கள் சம்பந்தியம்மாவோடு இரண்டு வார்த்தை பேசுகிறாள். "அப்பா தூங்கறார்" என்கிறாள். நேற்று, "அப்பா குளிக்கறார்." ஒரு மனுஷன் ஒரு மாசம் தூங்கிக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருக்க முடியாது.

அவள் லீவு போட்டு வீட்டிலேயே இருக்கிறாள் என்று மகன் சொன்னான். நீங்கள் பயந்தது அப்படியே நடந்துவிட்டது, அதுவும் என்னால். இங்கே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உங்கள் சம்பந்தியம்மா, "நீங்க வழி சொன்னது போதும், இனிமே யாருக்கும் சொல்லாதீங்க" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

ஒரு வரி போதும்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 2

மரியாதைக்குரிய சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வணக்கம். இங்கே எல்லாரும் நலம்.

இதை நான் சொல்லச் சொல்ல உங்கள் மருமகள் எழுதுகிறாள். அதனால் வரிகள் நேராக இருக்கும்.

முதலில் திட்டு. நான் நல்ல காலோடு நடக்கிறவன். என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் 'பார்வைக் குறைவு' என்று ஓர் அட்டையை மாட்டி, நிலையம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு முழத் தூரத்தில் நிற்கிற ஆளின் முகம் தெரியாதவனுக்கு அத்தனை மரியாதை வேண்டாம், சம்பந்தி. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஊரில் இறங்கியதும் நாலு பக்கமும் ஒரே இரைச்சல். எது வலது கை என்றே மறந்து நின்றுவிட்டேன். அப்போது ஒரு பெண் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அழுதுவிட்டேன். இதை இதுவரை இவளிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த ஊர் விமான நிலைய வாசலில் இவள் அந்த அட்டையைப் படித்தாள். என் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்ததும், "ஒரு வருஷம். ஒரு வருஷம் எங்கிட்ட மறைச்சிருக்கீங்க" என்றாள். அதன் பிறகு பிள்ளையை என் மடியில் வைப்பாள், பக்கத்திலேயே உட்காருவாள். நான் எழுந்தால் எழுவாள். குளியலறைக் கதவோரம் நிற்பாள். நிற்கிறதாகச் சொல்ல மாட்டாள், அவள் மூச்சு எனக்குக் கேட்கும். எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

(மாமா, நான் எழுதுகிறேன். அப்பா தூங்குகிறார், குளிக்கிறார் என்று சொன்னது நான்தான். அவர் பேச மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். எனக்கும் உங்கள் மேல் கோபம், நீங்களும் என்னிடம் மறைத்தீர்களே என்று. மன்னித்துக்கொள்ளுங்கள்.)

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளை அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தார்கள், வயிற்றைத் தடவினார்கள், ஈறைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் விடாமல் வீறிட்டாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடப் போனார். "கொஞ்சம் எங்கிட்ட குடு" என்றேன். இவள் யோசித்தாள். நான் கையை நீட்டியபடியே இருந்தேன். கொடுத்தாள்.

உச்சந்தலையிலிருந்து தடவிக்கொண்டே வந்தேன். இடது கால் சாக்ஸைத் தொட்டதும் காலை இழுத்தாள். கழற்றினேன். சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரல் சூடாக, உப்பிப்போய் இருந்தது. சாக்ஸின் உட்புறத் தையலில் ஒரு நூல் பிரிந்து, அந்தக் குஞ்சு விரலின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. மயிர் மாதிரி மெல்லிசு நூல், மடிப்புக்குள் புதைந்துவிட்டது. நாற்பது வருஷம் நூலோடு குடித்தனம் பண்ணிய விரலுக்கு அது தெரியாதா? நகத்தால் முனையைக் கிளப்பி, ஒவ்வொரு சுற்றாக எடுத்தேன். கடைசிச் சுற்று வந்ததும் அழுகை நின்றது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் விரலுக்கே ஆபத்து என்றாராம். இப்போது நன்றாக இருக்கிறாள்.

இவள் பேனாவை மூடிவிட்டாள். இத்தோடு நிறுத்தச் சொல்கிறாள்.


ஜூலை 3, காலை

சம்பந்தி, இது என் கை. வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுக் கடிதத்தை ஒட்ட வேண்டாம், நான் நாலு வரி சேர்க்கிறேன் என்று வாங்கி வைத்தேன்.

இன்றைக்கு அவள் வேலைக்குப் போனாள். காலையில் எழுந்து குளித்து, புடவையா சட்டையா என்று நாலு தரம் மாற்றி, பையைத் தேடி, சாவியைத் தேடி, என்னைத் தவிர எல்லாவற்றையும் தேடினாள். பிறகு வந்து பிள்ளையை என் தோளில் சாய்த்தாள். பால் எங்கே, துணி எங்கே என்று ஒன்றும் சொல்லவில்லை. "போயிட்டு வரேம்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பூட்டுகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் நடைக்கூடத்தில் போனது. பாதியில் நின்றுவிடும், திரும்பி வருவாள், ஜன்னல் பக்கம் வந்து பார்ப்பாள் என்று பிள்ளையை அணைத்தபடி அசையாமல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

நிற்கவில்லை, சம்பந்தி. லிஃப்ட் வந்தது. அவள் ஏறி இறங்கிப் போய்விட்டாள்.

உங்கள் மேல் கோபம் இன்னும் கால்வாசி இருக்கிறது. மிச்சம் போய்விட்டது. பிள்ளை விழித்துக்கொண்டாள், அப்புறம் எழுதுகிறேன்.

தையல்காரர்